கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிப் போங்கள்

கேள்வி: சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, நிலப் பாதுகாப்புக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூக அமைப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். ஓர் ஊரின் மேய்க்கால் புறம்போக்கையும் (மேய்ச்சலுக்கென்று விடப்பட்ட பொதுநிலம்) அதை ஒட்டிய ஏரியையும் மீட்டுப் பாதுகாப்பது எங்கள் திட்டம். மூன்று ஆண்டுகளுக்கு நிதி வந்திருக்கிறது. மேய்க்கால் நிலத்துக்கு வேலி போட்டு மரக்கன்றுகள் நடுவது முதல் கட்டம். நான் கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருகிறார்கள்; எப்போதும் அதே பத்துப் பேர். ஆடு மேய்ப்பவர்கள் என்னைக் கண்டாலே விலகிப் போகிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "காசு தீர்ந்ததும் நீ போய்விடுவாய், வேலி மட்டும் நிற்கும்" என்றார். ஊர் முக்கியஸ்தர்கள் ஒத்துழைக்கத் தயார். ஆனால் ஏரி ஓரத்துக் குடிசைகளை முதலில் அகற்ற வேண்டும் என்கிறார்கள். அலுவலகமோ மாதந்தோறும் கூட்டங்களின் எண்ணிக்கையும் கையெழுத்துகளும் கேட்கிறது. வீட்டில் அரசுத் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். இந்த வேலைக்கு நான் தகுதியானவள்தானா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்களோடு மனம்விட்டுப் பேசிய முதல் ஆள் அந்தப் பெரியவர்தான் என்று நினைக்கிறேன். அவர் சொன்னதை எதிர்ப்பு என்று குறித்துக்கொள்ளாதீர்கள். நான்காவது ஆண்டில் அந்த நிலம் என்னவாகும் என்று அந்த ஊரில் யோசிக்கும் ஒருவர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார். திரும்பப் போய் அவரைப் பாருங்கள். "ஆமாம் ஐயா, நான் போய்விடுவேன். அப்போது இங்கே என்ன நிற்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் அன்றைக்கே பதில் சொல்ல மாட்டார். சொல்லும்வரை போய்க்கொண்டிருங்கள்.

உங்கள் கடிதம் முழுக்க ஒரு கவலை ஓடுகிறது: மக்களை எப்படி நம் திட்டத்துக்குக் கொண்டுவருவது? அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அமைப்பாளரின் வேலை அதுவல்ல. ஒரு பொதுநிலத்தை நம்பிப் பிழைப்பவர்கள், அதைப் பற்றிய முடிவை எடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் அங்கிருந்து யாரும் அவர்களை எழுப்பிவிட முடியாத அளவுக்குக் கூடி நிற்க வேண்டும். அதற்கு உதவுவதே உங்கள் வேலை. வேலியும் கன்றும் ஏரியும் அதற்குப் பிறகு வருபவை.

கூட்டத்துக்கு வரும் அந்தப் பத்துப் பேர் யார் என்று எழுதிப் பாருங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கூட்டம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள், பகலில் நேரம் உள்ளவர்கள், ஊரில் பேசப் பழகியவர்கள். கூட்டத்தை எங்கே போடுகிறீர்கள்? கோயில் மண்டபத்திலா? அப்படியானால் காலனியிலிருந்து யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூட வளாகம், ஏரிக்கரை மரத்தடி என்று எல்லோரும் கூச்சமில்லாமல் உட்காரக்கூடிய இடமாக இருக்கட்டும். ஊருக்குள் நுழைந்ததும் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறீர்கள், எந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்பதை ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் துண்டறிக்கையை யாரும் படிக்காமல் போகலாம். நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள் என்பது மட்டும் ஒருவர் விடாமல் தெரிந்திருக்கும்.

ஆடு மேய்ப்பவர் காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அவரை மாலை நான்கு மணிக் கூட்டத்துக்கு அழைப்பதும் அழைக்காமல் இருப்பதும் ஒன்றே. நீங்கள் மேய்ச்சலுக்குக் கூடப் போங்கள். பதிவேடும் கேமராவும் வேண்டாம். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் புல் இருக்கும், எந்த ஓடையில் கடைசிவரை தண்ணீர் நிற்கும், எந்தச் செடியை ஆடு தொடாது, அறுவடை முடிந்ததும் யார் வயலில் கிடை போடுவார்கள் (எருவுக்காக ஆடுகளை இரவில் வயலில் அடைத்துவைப்பது), அதற்குக் கூலி நெல்லா பணமா என்பதையெல்லாம் நடக்கும்போதுதான் சொல்வார்கள். ஏரி என்றால் நீர்க்கட்டி என்று அழைக்கப்படும் ஆளைத் தேடுங்கள். மடை திறப்பதும் வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுவதும் அவர் பொறுப்பாக இருந்திருக்கும். பெரும்பாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்த, நிலமில்லாத ஒருவர். ஏரியைப் பற்றி அந்த ஊரில் மிக அதிகம் தெரிந்தவர் அவராக இருப்பார், கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவரும் அவராகவே இருப்பார். விறகு பொறுக்கும் பெண்களை ஊரக வேலைத் தளத்தில், நிழலில் உட்காரும் நேரத்தில் பாருங்கள். முதல் சில மாதங்கள் இதற்கே போகட்டும். இதைக் காத்திருப்பு என்று எண்ணாதீர்கள். வேலையின் பெரும்பகுதி இதுதான்.

இப்போது வேலிக்கு வருகிறேன். இதில் உங்கள் நிறுவனத்தோடு எனக்கு உடன்பாடில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். மேய்க்கால் நிலம் மரமில்லாமல் இருப்பதால் அது வெற்று நிலம் ஆகிவிடாது. அரசு ஆவணங்கள் தரிசு என்று எழுதிவைத்த பல இடங்கள் உண்மையில் புல்வெளிகள், புதர்க்காடுகள். கவுதாரியும் வானம்பாடியும் முயலும் நரியும் வாழ்வது அங்கேதான். அங்கே நெருக்கமாக மரம் நட்டால் நிழல் விழுந்து புல் குறையும். புல்லை நம்பிய உயிர்கள் இடம்பெயரும். ஆடு குறைந்தால் கிடை போடுவது நிற்கும். கிடை நின்றால் உழவர் உரத்துக்குக் கடைக்குப் போக வேண்டும். ஒரு வேலியின் விளைவு இவ்வளவு தூரம் போகிறது.

மேய்ச்சலும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று உங்களுக்கு யாராவது சொன்னால், காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்துவரச் சொல்லுங்கள். முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள்; காங்கயம் மாடுகள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் மேய்கின்றன. ஒரு பட்டியில் புல் தீர்ந்தால் அடுத்ததற்கு மாற்றி, மேய்ந்த இடத்தை ஆறவிடுகிறார்கள். அவை தனியார் நிலங்கள், உங்களுடையது புறம்போக்கு, வேறுபாடு பெரியது. ஆனால் மேய்ச்சலை முறைப்படுத்தினாலே நிலம் பிழைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கண்கண்ட சான்று அது. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவது உங்கள் திட்டத்தில் இருந்தால் அதையும் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். அந்த மரம் நிலத்துக்குக் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ராமநாதபுரம், விருதுநகர் பக்கங்களில் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால், எந்தப் பக்கத்தில் தொடங்குவது, எவ்வளவு வேகத்தில் போவது என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அலுவலகத்தில் இதைப் பேசத் தயங்காதீர்கள். "மேய்ப்பவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னால், போய்ச் சம்மதிக்க வையுங்கள் என்பார்கள். "சுழற்சி மேய்ச்சலுக்கு மேய்ப்பவர்களே ஒரு ஏற்பாடு சொல்கிறார்கள், முதல் ஆண்டு ஒரு பகுதியில் செய்து பார்ப்போம்" என்று மாற்று யோசனையோடு போங்கள். நிதி தந்தவர்களும் பெரும்பாலும் இதற்கு இணங்குவார்கள். ஓராண்டில் பட்டுப்போன கன்றுகளின் படத்தைப் பார்க்க அவர்களுக்கும் விருப்பமில்லை. விதிகளை வகுப்பதில் அவற்றுக்குக் கட்டுப்படுபவர்களுக்கே பங்கு இருக்க வேண்டும், காவல் காப்பவர் அவர்களுக்கே பதில் சொல்பவராக இருக்க வேண்டும், தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். உலகின் பல பகுதிகளில் நீண்டகாலம் நிலைத்த பொதுநிலங்களை ஆராய்ந்து அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ராம் கண்டவற்றில் இவை சில. அந்தப் பணிக்காகவே 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. உங்கள் மேலாளருக்கு மேற்கோள் வேண்டுமென்றால் இது உதவும்.

அடுத்தது ஆவணங்கள். மக்களோடு நடக்கும் அதே மாதங்களில் இதையும் செய்யுங்கள். ஊரின் அ-பதிவேடு (ஒவ்வொரு நிலத்தின் வகை, பரப்பு, உடைமையைச் சொல்லும் பதிவேடு), கிராம வரைபடம், அந்தந்தப் புல எண்ணுக்குரிய (சர்வே எண்) அளவை வரைபடமான புலப்படம், அடங்கல் (பயிர், அனுபவ விவரப் பதிவேடு) ஆகிய நான்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அ-பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். ஆனால் அதோடு நிற்காதீர்கள். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வதில், ஏராளமான பிழைகள் நுழைந்தன. அதற்கு முந்தைய பழைய அ-பதிவேட்டையும் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேய்க்கால் என்று இருந்தது எங்கே, எப்போது, எந்த உத்தரவின்பேரில் வகை மாறியது என்று தெரியவரும். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுச் செய்யலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த மனுவை ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒரு ஏழையின் பெயரில் போடாதீர்கள். நிறுவனத்திலிருந்து பொறுப்பான ஒருவர் போடட்டும். கேள்வி கேட்டவர்மீது கோபம் எந்த வழியில் வரும் என்பது யாருக்கும் தெரியாது.

குடிசைகளைப் பற்றி எழுதியதுதான் உங்கள் கடிதத்திலேயே அதிகக் கவனம் வேண்டிய இடம். முக்கியஸ்தர்கள் உங்களுக்குத் தரும் ஒத்துழைப்புக்கு அவர்கள் கேட்கும் விலை அது. எங்கும் இதுவே நடக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பு என்றதும் முதலில் கண்ணில் படுவது சில சென்ட் இடத்தில் நிற்கும் கீற்றுக் கொட்டகை. நீர்ப்பிடிப்புக்குள் ஏக்கர் கணக்கில் வரப்பை நகர்த்தி, பம்புசெட்டும் போட்டிருக்கும் வயல் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அது பச்சையாக, நெடுநாளாக, அப்படியே இருக்கிறது. ஆகவே யாரை அகற்றுவது என்ற பேச்சைத் தொடங்கவே விடாதீர்கள். முதலில் முழு ஏரியையும் அளக்க வேண்டும். தமிழ்நாட்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமே, 2007ஆம் ஆண்டுச் சட்டம், நில அளவையையும் எல்லை குறிப்பதையும்தான் முதல் படியாக வைத்திருக்கிறது. எல்லைக்கல் நடப்பட்டு, எல்லா ஆக்கிரமிப்பும் ஒரே பட்டியலில், பரப்பளவோடு வந்தபிறகு பேசலாம். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் முக்கியஸ்தர்களில் சிலர் உங்களை விட்டு விலகக்கூடும். அதற்கு இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இது சட்டத்தின் மனப்போக்குக்கும் ஒத்ததுதான். 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றி நிலத்தை ஊருக்கு மீட்டுத்தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக்கிரமிப்பாளர் பெருஞ்செலவில் கட்டடம் கட்டிவிட்டார், செல்வாக்குள்ளவர், நீண்டகாலமாக அனுபவிக்கிறார் என்பதெல்லாம் அதை வரன்முறைப்படுத்தக் காரணமாகாது என்றது. அதே தீர்ப்பு விதிவிலக்கும் சொன்னது: அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற கூலித் தொழிலாளருக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ குத்தகை தரப்பட்டிருந்தால், அல்லது அங்கே ஏற்கெனவே பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப்பயன்பாடு இருந்தால் வரன்முறைப்படுத்தலாம். இந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் ஊரில் படித்துக்காட்டுபவர்கள் உண்டு. நீங்கள் இரண்டையும் படித்துக்காட்டுங்கள். குடிசைக்காரர்களிடம் அரசு நிலத்தை ஒதுக்கித் தந்ததற்கான ஒப்படைப் பட்டா ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றிடமும் வீட்டுமனைப் பட்டாவும் கேட்கும் மனு, நில அளவைக் கோரிக்கையோடு சேர்ந்தே போகட்டும். ஏரி நிரம்பினால் முதலில் மூழ்குவது அவர்கள் வீடுகள்தான். பாதுகாப்பான மனை கிடைத்தால் அவர்களில் பலர் தாமாகவே நகரத் தயாராக இருப்பார்கள்.

இன்னொன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன, பெரும்பாலும் கைமாறிப்போன நிலையில். நீங்கள் பாதுகாக்க நினைக்கும் நிலத்தில் அப்படி ஏதாவது உண்டா என்று பழைய பதிவேட்டில் கட்டாயம் பாருங்கள். இருந்து, அதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே நீங்கள் பசுமைப் பலகை நட்டுவிட்டால், காலனி மக்கள் உங்களை ஒருபோதும் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

இதெல்லாம் மெதுவாக நகர்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். இமயமலைப் பகுதியில் மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் காத்த சிப்கோ இயக்கத்தின் கதையை எல்லோரும் 1973இல், மண்டல் கிராமத்தில் தொடங்குவார்கள். ஆனால் சண்டி பிரசாத் பட்டும் தோழர்களும் தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்தை 1964இலேயே அமைத்துவிட்டார்கள். கூலி வேலை, சிறுதொழில், விவசாயக் கருவிகள் செய்வது என்று ஏறக்குறைய பத்தாண்டு ஓடியது. கருவிக்குக் கேட்ட மரம் மறுக்கப்பட்டு, விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டபோது எதிர்த்து நிற்க அங்கே ஏற்கெனவே ஆட்கள் கூடியிருந்தார்கள். 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தில் மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது ஆண்களும் இல்லை, அமைப்பாளர்களும் இல்லை. ஊர் மகளிர் மன்றத் தலைவி கௌரா தேவியும் பெண்களும் போய்த் தடுத்தார்கள். அந்த நாளை எந்தத் திட்ட அறிக்கையிலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

நம் பக்கத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் 193.42 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், அதன் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்கு ஏலம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சுற்றியுள்ள ஊர்களின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அறிவிக்கை மட்டும் அந்த மலைகளைக் காத்திருக்காது என்பது என் எண்ணம். ஊர்கள் கூடி நின்றபோது அந்த அறிவிக்கை அவர்கள் கையில் ஓர் ஆயுதமானது. உங்கள் ஊரிலும் கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. அடுத்த சபையில் பெரிய கோரிக்கை எதுவும் வேண்டாம். ஊரின் புறம்போக்கு நிலங்களின் பட்டியலை, புல எண், வகை, பரப்போடு சத்தமாக வாசித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று ஊர்க்காரர் ஒருவர் எழுந்து கேட்கட்டும். நீங்கள் கேட்காதீர்கள். பின்வரிசையில் உட்காருங்கள். தீர்மான நகலை மறுநாளே வாங்கச் சொல்லுங்கள்.

மாத அறிக்கைக்கு, கேட்கும் எண்களைக் கொடுங்கள், பொய்யில்லாமல் கொடுங்கள். அதற்குக் கீழே நீங்களாக ஒரு பத்தி சேர்த்து எழுதுங்கள். இந்த மாதம் முதன்முறையாகக் கூட்டத்தில் பேசியவர் யார், நீங்கள் இல்லாமல் யார் கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தார்கள், குறிப்பேட்டை இப்போது யார் எழுதுகிறார்கள் என்பது போல. சில மாதங்களில் உங்கள் மேலாளர் அந்தப் பத்தியை முதலில் படிக்கத் தொடங்குவார். தொடங்காவிட்டால் அந்த நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

அளவைக்கோ எல்லை பார்க்கவோ தனியாகப் போகவே கூடாது. மிரட்டல் வந்தால் அன்றே அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், தொலைபேசியில் சொன்னதோடு விடாதீர்கள். ஊருக்குள் போகும் நாளில் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது சக பணியாளர் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தகுதியைக் கேட்டிருந்தீர்கள். ஒரு முதியவரின் கடுஞ்சொல்லை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். குடிசைகளை அகற்றச் சொன்னபோது அது உறுத்தியிருக்கிறது. இந்த இரண்டும் இல்லாதவர்கள் இந்த வேலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் தகுதி இருக்கிறது என்பதற்காக வாழ்க்கையை அடகு வைக்கச் சொல்ல மாட்டேன். ஒரு முழு ஆண்டு, கோடையும் மழையும் ஏரி நிரம்புவதும் வற்றுவதும் பார்க்கும்வரை இருங்கள். ஓராண்டுக்குள் எடுக்கும் முடிவு, இருப்பதானாலும் விடுவதானாலும், அரைகுறைத் தகவலில் எடுத்ததாகத்தான் இருக்கும். அதுவரை அரசுத் தேர்வுக்குப் படிப்பதில் எந்தத் தவறும் இல்லை. வருவாய்த் துறையில் அ-பதிவேட்டை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த, மேய்ப்பவரை உட்காரவைத்துப் பேசும் அதிகாரி ஒருவர் கிடைத்தால் நான் மகிழ்ச்சி அடைவேன்.

வேலையில் தொடர்வதென்றால் நியமனக் கடிதம், பயணப்படி, விபத்துக் காப்பீடு, வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேவை என்ற பெயரில் இவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தத் துறையில் நல்லவர்கள் பலர் மூன்றாம் ஆண்டில் களைத்து வெளியேறுவது பெரும்பாலும் இதனால்தான். திட்டம் முடிவதற்கு ஓராண்டு முன்பே, உங்கள் கையிலிருக்கும் ஆவணங்களின் நகல்கள் அனைத்தும் ஊரில் இரண்டு வீடுகளிலாவது இருக்க வேண்டும். ஒன்று ஊர்ப்பகுதியில், ஒன்று காலனியில்.